பெருங்கானல் நடையின் கடைசி ஆள்

அக்டோபர் 16, புதன்

இந்த டைரி ஜவுளிக்கடையில் பொங்கலுக்கு இலவசமாகக் கொடுத்தது. இத்தனை மாதம் சும்மா கிடந்தது. முன்பக்கங்கள் வெறுமையாக இருப்பது கண்ணை உறுத்துகிறது. வீட்டில் சொல்வதற்கு ஆள் இருந்தவரை எழுத வேண்டிய தேவை வரவில்லை.

என் பெயர் முத்துரத்தினம். ஊர் திண்டுக்கல். நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி மங்கையர்க்கரசி பெண்கள் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. அவள் மே மாதம் ஓய்வு பெற்றாள். ஜூலையில் இரண்டு பெட்டியை எடுத்துக்கொண்டு பெருங்கானல் மலைக்குப் போய்விட்டாள். அவளோடு வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சருக்கு அங்கே சொந்த வீடு இருக்கிறது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. மாடிப்படியில் நின்று அவள் சொன்னது இவ்வளவுதான்:

"ஆறு மாசம் அங்க இருந்து பாக்கறேன். தை பொறக்கட்டும், திரும்பி வர்றதா வேணாமான்னு சொல்றேன். அதுவரைக்கும், எது எங்க இருக்குன்னு கேட்டு மட்டும் போன் பண்ணாதீங்க."

நான் போன் பண்ணவில்லை. வேறு எதற்குப் போன் பண்ணுவது என்றும் தெரியவில்லை.

இத்தனை நாள் மெஸ்ஸில் சாப்பிட்டேன். போன வாரம் வயிறு கெட்டுவிட்டது. டாக்டர் வீட்டுச் சாப்பாடு சாப்பிடச் சொன்னார். வீட்டில் குக்கர் இருக்கிறது, மூடி இருக்கிறது, வெயிட்டைக் காணோம். மூன்று அலமாரியையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். சாதத்தைப் பானையில் வடித்தேன். பாதி சாதம் கஞ்சியோடு போய்விட்டது.

அக்டோபர் 17, வியாழன்

பேருந்து நிலையம் பக்கம் ஒரு டிராவல்ஸ் கடையில் பலகை வைத்திருக்கிறார்கள். 'ஒரே நாளில் பெருங்கானல்! சனிக்கிழமைதோறும். பழைய மலையூரை வழிகாட்டியுடன் நடந்து பாருங்கள். மதிய உணவு உண்டு.' வழிகாட்டி யார் என்று கேட்டேன். ரிட்டயர்டு ஹிஸ்டரி டீச்சர் ஒருத்தங்க, பிரமாதமாப் பேசுவாங்க என்றான் கடைப் பையன்.

சென்னையில் இருக்கும் என் மகன் பரிதி இதை முன்பே ஒருமுறை போனில் சொன்னான். அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

போன் பண்ணக் கூடாது என்றுதான் சொன்னாள். நேரில் வரக் கூடாது என்று சொல்லவில்லை. ஒரு சீட் போட்டேன். யாராவது கேட்டால் மலைச்சாலையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லலாம். அதுவும் பொய் இல்லை.

அக்டோபர் 19, சனி

விடியும் முன்பே வேன் கிளம்பியது. டிரைவர் பெயர் காஜா. வாய் ஓயாத மனிதர், ஆனால் கை ஸ்டியரிங்கில் ஒழுங்காக இருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த புதுக் கல்யாண ஜோடி. வத்தலக்குண்டில் காலை டிபன். பொங்கல் பரவாயில்லை. அதை அந்த மாப்பிள்ளை நான்காவது வளைவில் வெளியேற்றினார்.

சாலையைப் பற்றி. ஒவ்வொரு மே மாதமும் மங்கையர்க்கரசி பெருங்கானல் போகலாமா என்று கேட்பாள். ரோடு சரியில்லை என்று நான் சொல்வேன். துறையில் இருக்கிறவன் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது. இன்று பார்த்தேன். தடுப்புச் சுவர், வடிகால், கொண்டை ஊசி வளைவில் கொடுத்திருக்கும் சரிவு, எல்லாமே சரியாக இருக்கிறது. இந்த ரோட்டை எப்போது போட்டார்கள் என்று காஜாவிடம் கேட்டேன்.

"நான் வண்டியோட்ட வந்ததுலருந்து இப்படித்தான் சார். இருவது வருசம் ஆச்சு. இந்த ரோட்டுக்கு என்ன குறை?"

நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

ஊர் மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்பு ஓட்டு வீடுகள், கல் பாவிய கடைத்தெரு, ஒரு பழைய கோயில், ஒரு மாதா கோயில், ஓடாத மணிக்கூண்டு. தெருவே படிப்படியாக இறங்குகிறது. பனி வந்து வந்து போகிறது. அழகான ஊர் என்று எழுதினால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். சுமாராக இருக்கிறது.

மணிக்கூண்டுக்குக் கீழே அவள் நின்றிருந்தாள். கைத்தறிச் சேலை, மேலே ஸ்வெட்டர், காலில் விளையாட்டு வீரர்கள் போடுகிற மாதிரி ஷூ, கையில் ஒரு சிவப்புக் குடை. வேனிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தாள். என்னையும் பார்த்தாள். சிரிப்பு நிற்கவில்லை, எனக்குப் பின்னால் இறங்கியவரிடம் போய்விட்டது.

"வணக்கம். எம் பேரு மங்கையர்க்கரசி. இன்னைக்கு உங்களோட நடக்கப்போறது நான்தான். ஒரே ஒரு விதி. எனக்கு முன்னாடி யாரும் போகக் கூடாது. படி வழுக்கும், வீட்டுக்கு வீடு நாய் இருக்கு."

நல்ல விதிதான். ஆனால் நான் வேலை பார்த்த காலமெல்லாம் சாலையில் நடந்தவன். என் வேகம் அது. கோயில் வாசலில் ஒருமுறை, கடைத்தெருவில் ஒருமுறை, குளத்தங்கரையில் ஒருமுறை நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன்.

"சார், முன்னாடி போற சார். நில்லுங்க சார்."

புது மாப்பிள்ளை என்னிடம், "அவசரமா சார்?" என்று கேட்டார். அவருக்கு அப்போது வயிறு சரியாகிவிட்டிருந்தது.

எங்கே போனாலும் நான் முன்னால்தான் போவேன். முன்னால் போய் ஆட்டோ பிடித்து வைப்பேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும்போது ஆட்டோ தயாராக நிற்கும். இது ஓர் உதவி. இதை யாரும் உதவி என்று சொன்னதில்லை.

அவள் பேசியதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரோடு வருவதற்கு முன்னால் இந்த ஊருக்கு ஓர் ஒற்றையடிப் பாதைதான். உப்பு, அரிசி, மண்ணெண்ணெய், பியானோ, நோயாளி, எல்லாம் மனிதர் தோளில்தான் ஏறி வந்தன. சுமை தூக்குகிறவர்கள் கூட்டமாக ஏறுவார்கள். அவர்களில் நல்ல திடகாத்திரமான ஆளைத்தான் கடைசியில் விடுவார்களாம். வலுவுள்ளவன் முன்னால் போனால் தளர்ந்தவன் காட்டில் நின்றுவிடுவான் என்று. இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு மணி நேரம் பேசினாள். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. நடுவில் நான் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. குறுக்கிட்டால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நடை முடிந்ததும் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம் என்றாள். மணிக்கூண்டு ஏன் ஓடவில்லை என்று ஒருவர் கேட்டார். இங்கே சினிமா எடுத்திருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். என் முறை வந்தது.

"மேடம், குக்கர் வெயிட் எங்க இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜோக் என்று நினைத்துவிட்டார்கள்.

"அது இந்த ஊர் வரலாத்துல இல்ல சார். அடுத்தவங்க கேளுங்க," என்றாள்.

மதிய உணவு ஸ்டெல்லா டீச்சர் வீட்டில். டூர் வருகிறவர்களுக்கு அங்கேதான் பந்தி. ஸ்டெல்லா டீச்சர் என்னை, "வாங்க சார், உக்காருங்க," என்று எல்லோரையும் போலக் கூப்பிட்டு எல்லோரையும் போலப் பரிமாறினார். வத்தக்குழம்பு எனக்குத் தெரிந்த வத்தக்குழம்பு. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போது மாப்பிள்ளை மறுபடியும் வளைவில் வேனை நிறுத்தச் சொன்னார்.

அக்டோபர் 20, ஞாயிறு

கெண்டைக்கால் வலி. வெயிட் கிடைக்கவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பரிதி தன் மனைவி குழந்தையோடு நேராகப் பெருங்கானல் போய்விட்டான். என்னையும் வரச் சொன்னான். கூப்பிட வேண்டியவள் கூப்பிடவில்லை, எனவே எனக்கு வேலை இருக்கிறது என்றேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்குக் கை எட்டவில்லை. எங்கள் கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கும் வங்கி அதிகாரி செல்வமணி வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. அதிரசம் கல்.

நவம்பர் 9, சனி

மறுபடியும் பெருங்கானல். போன முறை மழைத்தண்ணீர் வடிகாலைச் சரியாகப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத்தான்.

காஜா என்னைப் பார்த்ததும், "என்ன சார், போன மாசம்தான வந்தீங்க? அம்புட்டு பிடிச்சுப்போச்சா ஊரு?" என்றார். வடிகால் என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

மணிக்கூண்டடியில் அதே வணக்கம், அதே விதி. கோயிலைத் தாண்டியதும் என் கால் தன் பாட்டில் முன்னால் போய்விட்டது. இந்த முறை அவள் கூப்பிடவில்லை. கூட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் நடந்து வந்து சிவப்புக் குடையைக் கையில் கொடுத்தாள்.

"சார், இன்னைக்கு நீங்கதான் கடைசி ஆள். குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு எல்லாருக்கும் பின்னாடி வாங்க. உங்களுக்குப் பின்னாடி ஒருத்தரும் இருக்கக் கூடாது. குடை தெரிஞ்சாத்தான் கூட்டம் முழுசா வருதுன்னு எனக்குத் தெரியும்."

மழை இல்லை. வெயிலும் இல்லை. கூட்டத்தின் வாலில் சிவப்புக் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். துறை ஆட்கள் யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

பின்னால் நடப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முன்னால் போகிறவர்கள் தெரிகிறார்கள். கடைத்தெருப் படியில் அவள் இறங்கும்போது பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் முதலில் இடது காலை வைக்கிறாள், பிறகு வலது காலை அதே படிக்குக் கொண்டுவருகிறாள், பிறகுதான் அடுத்த படி. ஏறும்போது தொடையில் கையை ஊன்றிக்கொள்கிறாள். பேச்சு மட்டும் நிற்கவில்லை. மற்றவர்கள் அவள் காட்டுகிற வீடுகளைப் பார்த்தார்கள்.

அவள் நடப்பதை நான் இதற்கு முன் பார்த்ததாக நினைவில்லை. பார்த்திருக்க வழியும் இல்லை.

கேள்வி நேரத்தில் நான் எதுவும் கேட்கவில்லை. வடிகாலைப் பார்க்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பரிதிக்குப் போன் செய்தேன். உன் அம்மாவுக்குக் காலில் என்ன என்று கேட்டேன்.  

"மூணு வருசமா முட்டி வலிப்பா. தேய்மானம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். மாடி ஏறி எறங்கக் கூடாதுன்னாரு. கீழ் வீட்டுக்கு மாறிக்கலாம்னு அம்மா உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னாங்க?"

"எங்கிட்ட சொல்லலையே."

"சொல்லாமயா இருப்பாங்க? வாடகை வருது, எதுக்கு மாத்தணும்னு நீங்க சொன்னதா அம்மா சொன்னாங்க."

சொல்லியிருக்கலாம். நான் முன்னால் போய்க்கொண்டிருந்திருப்பேன்.

"அம்மா மலையில ஏறி எறங்கறாளே, அது மட்டும் ஆகுமா?" என்று கேட்டேன். அங்கே மெதுவாகப் போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்று அம்மா சொன்னாளாம். பேரனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

நவம்பர் 12, செவ்வாய்

நம் வீட்டு மாடிப்படியை டேப் வைத்து அளந்தேன். ஒவ்வொரு படியும் ஒன்பது அங்குல உயரம். ஆறரை இருந்தால் போதும். இடத்தை மிச்சம் பிடிக்கப் படியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மோசமான வேலை. மேற்பார்வை நான்.

நவம்பர் 16, சனி

குக்கர் வெயிட் கிடைத்துவிட்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினால்தான் தெரியும். சமையலறைக் கதவை நான் சாத்தியதே இல்லை. ஆணி உயரத்தில் இருக்கிறது, அவள் எட்டி எடுக்க வேண்டியிருக்கும். என் மண்டை உயரத்துக்கு அளந்து நான்தான் அடித்திருப்பேன். ஆணிக்குக் கீழே சுவரில் ஒரு வட்டக் கறை. பல வருடமாக அங்கேயேதான் தொங்கியிருக்கிறது.

துவரம் பருப்பு வேகவைத்தேன். எத்தனை விசில் என்று தெரியாததால் போதும் என்று தோன்றும்வரை விட்டேன். குடிக்கும் பதத்தில் வந்தது.

நவம்பர் 30, சனி

மழை. மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறது, இன்று வேன் இல்லை. பெருங்கானலில் குளிர் எப்படி இருக்கும் என்று காஜாவிடம் போனில் விசாரித்தேன். எலும்புக்குள் இறங்கும் என்றார். மூட்டுவலிக்காரர்கள் பாடு கஷ்டம்தான் என்று கேட்காமலே சேர்த்துச் சொன்னார்.

செல்வமணிக்குச் சேலத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. இரண்டு வாரத்தில் காலி செய்கிறார். நல்ல பார்ட்டி ஒன்று இருக்கிறது, வாடகைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே கீழே வந்துவிடப்போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். கீழே தண்ணீர் நன்றாக வருகிறது என்றேன்.

டிசம்பர் 7, சனி

நான் வேனிலிருந்து இறங்கியதும் அவள் பேசாமல் குடையை நீட்டினாள். நானும் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

இன்று பனி அதிகம். என் முன்னால் நத்தத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், கனத்த உடம்பு, மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் நானும் நிற்க வேண்டும். விதி அப்படி.

"நீங்க போங்கய்யா, எனக்காக நிக்காதீங்க."

"என்னால போக முடியாதும்மா. நான் கடைசி ஆளு."

"அந்தா பாருங்க, மஃப்ளர் கட்டிட்டுப் போறாருல்ல, அவருதான் எங்க வீட்டுக்காரரு. கூப்புட்டாலும் திரும்ப மாட்டாரு. கண்ணாலம் ஆன நாள்லருந்து அவரு முதுகைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்."

"ஆட்டோ பிடிக்கப் போறாரா இருக்கும்," என்றேன்.

"இந்த மலையில ஏதுய்யா ஆட்டோ?"

 அவர் எழுந்ததும் மெதுவாக ஏறினோம். பாட்டுக் கேட்கிற பழக்கம் உண்டா, பிள்ளைகள் எத்தனை என்று ஏதோ பேசிக்கொண்டு வந்தேன். மங்கையர்க்கரசியோடு நடந்துகொண்டே நான் எதுவும் பேசியதில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்தால் கத்த வேண்டியிருக்கும்.

கவனித்த ஒன்று. ஒவ்வொரு வளைவிலும் வழிகாட்டி நின்று திரும்பிப் பார்க்கிறாள். குடை வளைவில் தெரிகிறவரை நகர்வதில்லை. கூட்டத்தை எண்ணுவதற்காக. அது அவள் வேலையில் ஓர் அங்கம்.

நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பனிதான் இருந்தது.

கேள்வி நேரம். மஃப்ளர்காரர், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். அப்புறம் என் முறை.

"முட்டி இப்ப எப்படி இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. என்ன கேள்வி இது என்று பார்த்தார்கள். அவள் ஷூவைப் பார்த்தாள், மணிக்கூண்டைப் பார்த்தாள்.

"மழை விட்டாப் பரவால்ல," என்றாள்.

சார் என்று சொல்லவில்லை. மறந்திருப்பாள்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்தது. சாமான்களைக் கீழே இறக்க ஆள் வைத்தேன். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் அவர்கள். பாத்திரம், டப்பா எல்லாம் நான். ஒன்பது அங்குலப் படியில் எத்தனை நடை என்று எண்ணுவதை நடுவில் விட்டுவிட்டேன். இப்போது எனக்கும் முட்டி வலிக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். இந்த வாசனை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். தலையணை வாசனை என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

சமையலறை அடுக்கி முடித்தேன். டீத்தூள், சர்க்கரை, கடுகு, உளுந்து, பெருங்காயம். முதலில் உயர வாரியாக அடுக்கினேன். பார்க்க நன்றாக இருந்தது, சமைக்க முடியவில்லை. பிறகு சமைத்துப் பார்த்துப் பார்த்து மாற்றினேன். அடிக்கடி எடுப்பது எல்லாம் இடுப்புயரத்துக்கு வந்துவிட்டது. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்தேன். நான் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஆகும்.

இப்போது எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஜனவரி 1, புதன்

ஜவுளிக்கடையில் இந்த வருடம் டைரி கொடுக்கவில்லை. காலண்டர்தான். அதனால் பழைய டைரியின் முன்பக்கங்களில் எழுதுகிறேன். கிழமை ஒத்துவராது, திருத்திக்கொள்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

தை பிறந்துவிட்டது. பொங்கல் வைத்தேன். வெல்லம் கொஞ்சம் கூடுதல், மற்றபடி பொங்கல்தான். பொங்கி வழிந்தபோது தனியாகச் சத்தம் போடக் கூச்சமாக இருந்தது. மெதுவாகச் சொல்லிக்கொண்டேன்.

போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பரிதி பேசினான். செல்வமணி சேலத்திலிருந்து பேசினார். ஒரு கடன் கம்பெனிப் பெண் பேசினாள், அவளிடமும் கொஞ்ச நேரம் பேசினேன். பெருங்கானலிலிருந்து போன் வரவில்லை.

ஜனவரி 15, புதன்

வரவில்லை. பரிதியிடம் அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். அப்பாகிட்டதான் சொல்லணும், உங்கிட்ட எதுக்குடா என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாகரிகமாக எழுத வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் இந்தக் கீழ் வீட்டில் நான் என்ன செய்வேன்? மூன்று அறை. ஓர் ஆள்.

ஜனவரி 16, வியாழன்

காஜா கூப்பிட்டார். "சனிக்கிழமைக்கு சீட்டு போடட்டா சார்? பொங்கல் லீவு, ஃபுல்லாயிரும்." போடுங்கள் என்றேன். பையில் மாற்றுத்துணி எடுத்து வைத்தேன். மலையில் மழை வரலாம்.

ஜனவரி 18, சனி

மழை வரவில்லை. ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

கூட்டம் அதிகம். குழந்தைகள் வேறு. குடையோடு பின்னால் நடந்தேன். அவள் இரண்டு தடவை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கதை சொன்னாள். கேட்கிறவர்களுக்கு அது கதை சொல்வதற்கான இடம். எனக்குக் காரணம் தெரியும். ஒற்றையடிப் பாதைக் கதையை மூன்று முறை கேட்டாயிற்று, பியானோ எந்த வளைவில் உருண்டது என்றுகூடத் தெரியும். நான்காவது முறையும் கேட்டேன்.

மணிக்கூண்டடியில் கேள்வி நேரம். எல்லோரும் கேட்டு முடித்தார்கள். என்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது. இத்தனை பேர் முன்னால் அதற்குப் பதில் வந்தால் தாங்காது என்று பேசாமல் நின்றேன்.

"கடைசி ஆளுக்குக் கேள்வி இல்லையா?"

"இல்ல மேடம்."

"அப்ப நான் கேக்கறேன். கீழ் வீட்டுக்கு மாறிட்டீங்களாமே? பரிதி சொன்னான்."

"கீழ தண்ணி நல்லா வருது."

"சமையக்கட்டை அடுக்குனது யாரு?"

"நான்தான்."

"டீத்தூள் எங்க இருக்கு?"

"அடுப்புக்கு வலது பக்கம், நடுத் தட்டு. சர்க்கரைக்குப் பக்கத்துல."

"பெருங்காயம்?"

"அஞ்சறைப் பெட்டிக்கு மேல."

"மஞ்சத்தூள் தீந்துபோச்சுன்னா, புதுப் பாக்கெட்டு?"

"ஜன்னலோரம், நீல மூடி போட்ட டப்பா."

கூட்டத்தில் ஒரு குழந்தை, "அம்மா, இது வினாடி வினாவா?" என்று கேட்டது. அதன் வீட்டார் அதை அடக்கினார்கள்.

"குக்கர் வெயிட்டு?"

"ஆணியில."

"அந்த ஆணி உசரம். எத்தனையோ தடவை உங்ககிட்ட சொல்லி அலுத்துட்டேன்."

"இது வேற ஆணி மங்கை. கீழ் வீட்டுல புதுசா அடிச்சேன். உன் கை எட்டற உசரத்துல."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பனியில் கண்ணாடி மங்கும். இன்று பனி இல்லை.

சாப்பாடு, சாக்லேட் கடை, தைலக் கடை எல்லாம் முடிந்து வேன் கிளம்புகிற நேரம். நான் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. காஜா சீட்டுகளை எண்ணிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மேடம், டூரிஸ்ட்டு ஒருத்தரு குறையுறாரு. அந்தா, அந்தக் குடைக்கார சார். ஏறச் சொல்லுங்க."

"அவரு டூரிஸ்ட்டு இல்ல காஜா," என்றாள். "எங்க வீட்டுக்காரரு. நீங்க வண்டிய எடுங்க."

காஜா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வடிகாலா சார் என்று என்னிடம் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பெரிய மனுஷன் என்றுதான் சொல்ல வேண்டும், அதற்கு மேல் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா டீச்சர் வீடு மேட்டுத் தெருவில் கடைசியில். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். நடந்துகொண்டே திரும்பாமல் சொன்னாள்.

"ஒரேயடியா எறங்கி வந்துற மாட்டேன். இந்த நடை எனக்குப் பிடிச்சிருக்கு. இத விட முடியாது."

"சரி."

"மழையும் குளிரும் முட்டிக்கு ஆகல. அந்த மாசங்கள்ல ரெண்டு பேரும் கீழ் வீட்டுல இருப்போம். மத்த மாசம் இங்க. ஸ்டெல்லாகிட்ட பேசிட்டேன், பின்கட்டு சும்மாதான் கெடக்கு."

"சரி."

"சனிக்கிழமைக்கு நிரந்தரமா ஒரு கடைசி ஆள் வேணும். வாராவாரம் ஒரு டூரிஸ்ட்டைப் பிடிச்சுக் குடை குடுக்க முடியாது."

குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.  

மெதுவாக ஏறினோம். இந்த வேகத்தில் நடந்து எனக்குப் பழக்கமில்லை. வெயில் இல்லாத தெருவில் குடையை விரித்தே பிடித்திருந்தேன், மடக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தெரு திரும்புகிற இடத்தில் அவள் நின்று, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள். கூட்டம் எல்லாம் வேனில் போய்விட்டிருந்தது. எண்ணுவதற்கு அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன்.

ஜனவரி 22, புதன்

பெருங்கானல். காலையில் குளிர் அதிகம். ரோட்டோர வடிகாலைப் பார்த்துவிட்டு வந்தேன், நன்றாக இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். துண்டு எங்கே என்று கேட்கவில்லை, நானே தேடி எடுத்தேன். இந்தத் தடவை முதுகுக்கும் எண்ணெய் எட்டியது.